நாலு மணிக்குத் தொடங்கிய குற்றம்

மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டு அனுப்பியிருக்கும் என் மகனுக்கு,

உன் தாள் கிடைத்தது. மேசைமேல் விரித்து வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எதிரி நாட்டு ஓலையைப் பேரரசன் ஒருவன் வாசிக்கிற தோரணையில் வாசித்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னா, அரண்மனையில சத்தத்தையே காணோம்?" என்று கேட்டாள். கையை உயர்த்திப் பொறுக்கச் சொன்னேன். மூன்றே வாக்கியங்கள்தான் எழுதியிருந்தாய். அதில் இரண்டாவது வாக்கியம் இது: "எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாக நிகழ்ச்சி குறித்த நேரத்திலேயே தொடங்கிவிட்டது என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்." இதை நான் ஏழு தடவை வாசித்தேன். எட்டாவது தடவை உன் அம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டினேன். அவள் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. பூமியில் மனிதன் பேசத் தொடங்கிய நாளிலிருந்து தாமதத்துக்குத்தான் மன்னிப்புக் கேட்டு வந்திருக்கிறான். நேரத்துக்குத் தொடங்கியதற்காக மன்னிப்புக் கேட்ட முதல் மனிதன் என்ற பெருமையை, மலாக்காவில் புக்கிட் ரம்பாயில் ஓரமாக உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும் எனக்குக் கொடுக்கப் பார்க்கிறாய்.

கையெழுத்துப் போட மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதைக் கொடுத்தாலும் கடைசிப் பக்கத்துக்குத் தாவிப் போய் முடிவைப் பார்க்கிற பழக்கம் உனக்குச் சிறு வயதிலிருந்தே உண்டு. என் கடிதம் கல்லூரியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும், ஊரறிய மன்னிப்புக் கேட்டால்தான் அடுத்த விடுமுறைக்கு மண்டபம் என்று சொல்லியனுப்பியிருந்தாய். நல்லது. என் மறுப்பும் ஊரறியவே இருக்கட்டும். அதனால்தான் இதை உறையில் போட்டு ஒட்டாமல் திறந்தே அனுப்புகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரருக்கு வாசித்தும் காட்டட்டும். படிப்பவர்களுக்கு நடந்தது தெரியாது, உனக்குத் தெரியும். தெரிந்த கதையை மறுபடி கேட்கிற பொறுமை மட்டும் உனக்கு வேண்டும்.

எட்டு வருடங்களுக்கு முன் இதைத் தொடங்கி வைத்தவனே நீதான். அந்தக் கல்லூரியின் அலுவலகத்தில் நீ வேலைக்குச் சேர்ந்த புதிது. நீண்ட விடுமுறையில் பெரிய மண்டபம் சும்மா கிடக்கிறது, அங்கே வௌவால் மட்டும்தான் கச்சேரி செய்கிறது என்று வந்து சொன்னாய். "நீங்க பிள்ளைங்கள வெச்சி ஏதாச்சும் செய்ங்களேன்பா. பஸ்ஸ விட்டதுலேர்ந்து வீட்டுல அம்மாவுக்குத்தான் உங்க தொல்லை" என்றாய். இருபத்தாறு வருடம் தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்ந்தவன் நான். கோயில் பஜனைக் குழுவில் ஆர்மோனியம் வாசிப்பேன், திருவிழாவுக்குத் திருவிழா நாடகம் எழுதிப் பாட்டுக் கட்டுவேன். இந்தத் தகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, ஆசியக் கண்டத்தின் தலைசிறந்த இசை நாடகப் பயிற்சியை நான் நிறுவினேன். மற்ற கண்டங்கள் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கின்றன. விளம்பரத் தாளில் 'சம்மர் மியூசிக்கல் தியேட்டர் புரோகிராம்' என்று நீ அச்சடித்தாய். "சம்மராடா? நம்ம ஊருல சம்மரு எப்ப முடிஞ்சிச்சி, திரும்பத் தொடங்கறதுக்கு?" என்று கேட்டேன். "பேரு நல்லா இருக்குப்பா, விடுங்கலா" என்றாய். விட்டேன். ஆண்டவன் நம் நாட்டில் வெயிலை ஏற்றி வைத்துவிட்டு அணைக்க மறந்துபோனதால், வருடத்தின் எல்லா நாளும் எனக்குத் தோதான நாள்தான்.

நான்கு வாரங்கள், காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை. மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் இருவர் மூவராக வருவார்கள். பத்து பெரண்டாம் என்ற ஊரின் தாமான் குடியிருப்புகளிலிருந்து வருவார்கள். கல்லூரி மாணவர்களும் இருப்பார்கள். வருகிற பிள்ளைகளுக்கு முதல் வாரம் வாயே திறக்காது. பாட்டைப் பெட்டியில் ஓடவிட்டு, உதட்டை மட்டும் அசைத்து ஆடி, மாலை வாங்கிப் பழகியவர்கள் அவர்கள். என் மண்டபத்தில் பெட்டி கிடையாது. சுவரில் துண்டுக் காகிதத்தை வைத்து, கையை எடுத்துவிட்டு, ஊதுகிற மூச்சாலேயே அது விழாமல் நிறுத்திக் காட்ட வேண்டும். மூன்று மாடிப் படியையும் பாடிக்கொண்டே ஏற வேண்டும். "மாஸ்டர், செத்துருவோம் மாஸ்டர்" என்பார்கள். "பாடி முடிச்சிட்டுச் சாவுங்க, சுருதி முக்கியம்" என்பேன். நான்காவது வாரம் வரும்போது அந்தப் பிள்ளைகள் வாயைத் திறந்தால் மலாக்கா நீரிணையில் கப்பல் திசை மாறும். இதில் கொஞ்சம் மிகைப்படுத்தல் உண்டு. படகு நிச்சயமாக மாறும்.

போன விடுமுறையின் நாடகம் உனக்குத் தெரியும். செம்பனைக் காட்டுக்கு நடுவே தொழிற்சாலை பஸ் ஒன்று பழுதாகி நின்றுவிடுகிறது. உள்ளே இருக்கும் பெண்கள் விடிய விடியப் பாடியே பயத்தைத் துரத்துகிறார்கள். பஸ் ஓட்டுநராக நடித்தவள் ஷாமினி என்ற பதினேழு வயதுப் பெண். அந்த ஓட்டுநர் மிகவும் அழகானவர் என்று கதையில் வருவதற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முதல் பாட்டு அவளுடையது, கடைசிப் பாட்டும் அவளுடையதுதான். அவளுடைய அம்மா பத்மா, பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகிறவள். அவள் மட்டும் இல்லை, பாதிப் பிள்ளைகளின் அம்மாக்களும் இரவு வேலைக்காரிகள்தான். பஸ் ஆறேகாலுக்கு. இதைக் கணக்குப் போட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி என்று நான் நேரம் வைத்தேன். இரண்டு மணி நேர நாடகம், ஆறுக்கு முடியும், கால் மணி நேரத்தில் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துவிடலாம். அந்த ஒரு நாளைக்குப் பஸ் கல்லூரிச் சாலைச் சந்தியில் நின்று போக வேண்டும் என்று என் பழைய கூட்டாளிகளிடம் நானே போய்ச் சொல்லி வைத்தேன்.

ஆனால் நம் ஆட்களின் அழைப்பிதழில் நான்கு மணி என்றால் என்ன அர்த்தம் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். நான்கு என்று அச்சடிப்போம். நாலரைக்கு நாற்காலி விரிப்போம். ஐந்துக்குக் கூட்டம் வரும். ஐந்தரைக்குச் சிறப்பு வருகையாளர் வருவார். பிறகு குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை. எல்லாம் முடிந்த பிறகு, மிச்சம் மீதி இருந்தால், பிள்ளைகள். இந்தத் தடவை சிறப்பு வருகையாளராக, டத்தோ என்ற அரசப் பட்டம் வாங்கிய ஒருவரைக் கல்லூரி நிர்வாகக் குழு அழைத்திருந்தது. என்னிடம் கேட்கவில்லை, சொன்னார்கள். அவரை வரவேற்கிற பொறுப்பு உன்னுடையது. மூன்றேமுக்காலுக்கு நீ மேடைக்குப் பின்னால் வந்து, "டத்தோ ஆயர் கெரோவுலேர்ந்து கெளம்பிட்டாருப்பா" என்றாய். கிளம்பிவிட்டார் என்றால் குளியலறையில் சோப்பைத் தேடுகிறார் என்று அர்த்தம். இந்த மொழிபெயர்ப்பை உனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நான்தானே.

நான் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். மண்டபத்தில் கால்வாசிக் கூட்டம்கூட இல்லை. முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய சோபாக்கள் காலியாக இருந்தன. கடைசி வரிசை நெகிழி நாற்காலிகளில் மட்டும், நீலச் சீருடையில், மடியில் சாப்பாட்டுப் பையோடு, இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நேரத்துக்கு வந்தவர்கள் அவர்கள் மட்டும்தான். எல்லாருடைய கையிலும் தொலைபேசி இருந்தது. யாரும் எதையும் பார்த்துச் சிரிக்கவில்லை, மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்மா எழுந்து மேடைப் படியருகே வந்தாள். "மாஸ்டர், எம்மவ எத்தனை மணிக்குப் பாடுவா? ஆறேகாலுக்கு பஸ்ஸு. கேட்டுட்டுப் போயிறலாம் தானே?" என்றாள். போய்விடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதே பதிலை, அதே சிரிப்போடு, இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் இன்னொரு நீலச் சீருடைக்காரியிடம் நான் சொன்னது ஞாபகம் வந்தது.

அந்த நாளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. இப்போது பேசுகிறேன். உனக்குப் பன்னிரண்டு வயது. மெர்லிமாவ் மண்டபத்தில் என் நாடகம், நீ சூரியன். முகமெல்லாம் தங்கச் சாயம், தலைக்குப் பின்னால் அட்டையில் வெட்டிய கதிர்கள். அன்றைக்கும் நான்கு மணி என்றுதான் அச்சடித்தோம். நான் பிரமுகருக்காகக் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்று சொல்வதுகூடப் பொய், ரசித்துக்கொண்டிருந்தேன். மாலைத் தட்டை எப்படிப் பிடிப்பது, பொன்னாடையை எந்தக் கையால் பிரிப்பது, பிரமுகரின் எந்தப் பக்கம் நிற்பது என்று நான்தான் எல்லாருக்கும் பாடம் எடுத்தேன். எனக்கும் கடைசியில் ஒரு பொன்னாடை உண்டு என்று தெரியும். அந்தக் காலத்தில் நான் வாங்கிய பொன்னாடைகளை வரிசையாக விரித்தால் அலோர் காஜா வரைக்கும் நடந்து போகலாம். உன் அம்மா இன்றைக்கு அதில் ஒன்றைத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் போர்த்தியிருக்கிறாள், இன்னொன்று அரிசி வாளியின்மேல் இருக்கிறது. பிரமுகர் ஐந்தரைக்கு வந்தார், முக்கால் மணி நேரம் பேசினார். நீ திரைக்குப் பின்னால் உட்காரவும் முடியாமல், கதிர் மடங்கிவிடும் என்று சாயவும் முடியாமல் நின்றுகொண்டிருந்தாய். ஆறேகாலுக்கு வெளியே ஹார்ன் சத்தம் கேட்டது. அது என் பஸ். நான் அன்று விடுப்பு என்பதால் வேறொருவர் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். உன் அம்மா மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்தாள். ஒரு தடவை மேடையைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு குனிந்தபடி வெளியே போனாள். நீ திரை இடுக்கு வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, குங்குமச் சிமிழ் எங்கே என்று தேடப் போனேன்.

நீ ஆறே முக்காலுக்கு மேடையேறினாய். சாயம் காய்ந்து, முகம் வயல் மாதிரி வெடித்திருந்தது. ஒரு சுருதி தப்பவில்லை. அழவில்லை, தடுமாறவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், அதோடு வீட்டுக்கு வந்தேன். மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்த நீ என் முதுகோடு ஒட்டிக்கொண்டு, "அம்மா எதுவரைக்கும் கேட்டாங்கப்பா?" என்றாய். "பிரமுகர் பேச்சு வரைக்கும்" என்றேன். அடுத்த வருடம் நாடகத்துக்குக் கூப்பிட்டபோது, "நான் நாற்காலி போடுறேன்பா" என்றாய். அதற்கடுத்த வருடம் மாலைத் தட்டு பிடித்தாய். இன்றைக்குக் கல்லூரியில் மாலை மரியாதை என்றால் உன்னைப் போல் நேர்த்தியாகச் செய்ய ஆள் கிடையாது என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் பெருமையாகத்தான் தலையாட்டினேன். பாடிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை நான்தான் மாலைத் தட்டுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினேன் என்று ஒத்துக்கொள்ள இருபத்து நான்கு வருடம் ஆகியிருக்கிறது. உன் அம்மா இன்றுவரை நீ மேடையில் பாடிக் கேட்டதில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "நல்லா பாடுனானாம்ல?" என்று அடுத்தவர் வீட்டுப் பிள்ளையை விசாரிக்கிற மாதிரி மறுநாள் காலையில் கேட்டாள் பார், அது இன்னும் என் காதில் இருக்கிறது.

எனவே பத்மாவிடம் போய்விடலாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. "பின்னால ஏன் உக்காந்திருக்கீங்க? எல்லாரும் முன்னுக்கு வாங்க" என்றேன். "சோபாவுலயா மாஸ்டர்? அது டத்தோவுக்கு இல்ல?" என்றாள். "டத்தோ சோப்பு தேடுறாரு. நீங்க உக்காருங்க" என்றேன். இருபது பெண்களும் வந்து, துணி அழுக்காகிவிடுமோ என்று நுனியில் உட்கார்ந்தார்கள். கடிகாரத்தில் நான்கு மணி. திரையைத் திற என்றேன். திரை இழுக்கிற பெண் நம்பாமல், "உண்மையான நாலா மாஸ்டர்?" என்று கேட்டாள். திறந்தோம். அப்போதுதான் ஒரு சிறு விஷயம் கவனத்துக்கு வந்தது. கீபோர்டு வாசிக்கும் செல்வத்தைக் காணோம். எட்டு வருடமாக என்னோடு இருப்பவன், அவனும் அச்சடித்த நேரத்தை நம்பவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் ஆர்மோனியத்தில் ஒரே ஒரு சுரத்தைக் கொடுத்துவிட்டு, காலால் பலகைத் தரையைத் தட்டினேன். நாற்பது பிள்ளைகளும் தட்டினார்கள். முன்னால் இருந்த பெண்களும் தட்டினார்கள். ஷாமினி எந்த வாத்தியமும் இல்லாமல், காலடிச் சத்தத்தின்மேல் ஏறி நின்று பாடினாள். சுவர்க் காகிதம் என்ன, சுவரையே மூச்சால் நிறுத்தியிருப்பாள். பத்மா வாயில் கையை வைத்துக்கொண்டு சோபாவின் நுனியிலேயே இருந்தாள். செல்வம் நாலு இருபத்தைந்துக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வந்து, "என்னாண்ணே இது, சொல்லாமக் கொள்ளாம நாலுக்கே ஆரம்பிச்சிட்டீங்க?" என்றான்.

ஐந்து பத்துக்கு டத்தோ வந்தார். வாசலில் நீ, கையில் மாலைத் தட்டு, பின்னால் நிர்வாகக் குழுவின் முகங்கள். நீ மேடைக்குப் பின்னால் ஓடி வந்தாய். "அப்பா, நிப்பாட்டுங்க. ரெண்டு நிமிஷம்பா. மாலையப் போட்டு ஒக்கார வெச்சிட்டுத் தொடரலாம்" என்றாய். "ரெண்டு நிமிஷம்னா எத்தனை மணி நேரம்?" என்றேன். "அப்பா, நான் இங்க வேலை செய்றேன்பா!" என்றாய். "நான் இங்க நாடகம் செய்றேன்" என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. தட்டோடு திரும்பிப் போய்ச் சுவரோரம் நின்றாய். அதே சமயம் சோபாவில் இருந்த பத்மா டத்தோவைக் கண்டு பாதி எழுந்துவிட்டாள். ஒருத்தி எழுந்தால் இருபது பேரும் எழுவார்கள், பாட்டு அங்கேயே அறுந்துவிடும். டத்தோ கையைக் காட்டி, உட்காருங்கள் என்றார். ஒரு முழுப் பாட்டையும் நின்றுகொண்டே கேட்டார். பிறகு போய்விட்டார். கையைக் காட்டி உட்காரச் சொன்ன மனிதரிடம் நான் எதற்காக மன்னிப்புக் கேட்பது, சொல். கோபம் அவருக்கு வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவருக்காக மற்றவர்களுக்குத்தான் வந்தது. ஆறு மணிக்குக் கடைசிப் பாட்டு முடிந்தது. ஆறேகால் பஸ்ஸில் இருபது பெண்களும் ஏறினார்கள். அவர்கள் பாடிக்கொண்டே போனதாக ஓட்டுநர் மறுநாள் என்னிடம் புகார் செய்தார்.

இப்போது நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன், அதற்குத் தொழில்நுட்பக் கோளாறு எதையும் துணைக்குக் கூப்பிடாமல். நாலுக்குத் தொடங்கப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லாமல் தொடங்கியது தப்பு. வாசலில் உன்னை மாலையோடு தனியாக விட்டது தப்பு. ஒரு மணி பத்து நிமிடம் நீ அதைப் பிடித்துக்கொண்டு நின்றாய், பூவின் தண்ணீர் உன் காலணிமேல் சொட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்காக நீ எத்தனை பேரிடம் கெஞ்சினாய், குளிர்சாதனத்துக்கு எத்தனை படிவம் நிரப்பினாய் என்று எனக்குத் தெரியும். உன்னிடம் சொன்னால் நீ தடுப்பாய் என்று பயந்தேன். பயந்ததுதான் உண்மை, வீரம் எல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது. மெர்லிமாவ் மண்டபத்து மாலைப் பொழுதுக்கும் சேர்த்துக் கேட்கிறேன். மன்னித்துக்கொள், தம்பி. இரண்டுக்கும் உன்னிடம் தலை குனிகிறேன். ஆனால் நாலு மணிக்கு யாரிடமும் குனிய மாட்டேன். என்னைக் கல்லூரி வாசலில் கட்டி வைத்து, ஆயர் கெரோ மிருகக்காட்சிசாலையின் அத்தனை புலிகளையும் அவிழ்த்து விட்டாலும் குனிய மாட்டேன்.

நேற்றுக் காலை நான் கல்லூரி முதல்வர் அம்மாவை நேரில் போய்ப் பார்த்தேன். நீ அன்று வெளி வேலையாகப் போயிருந்தாய். தெரிந்துதான் போனேன், உன் முன்னால் அந்தப் பேச்சு வேண்டாம் என்று. நல்ல மனுஷி, கோப்பி வரவழைத்தார். "அங்கிள், ஒரு கையெழுத்து தானே. டத்தோவே மறந்திருப்பாரு. கமிட்டிதான் கேக்குது" என்றார். "மறந்தவருக்கு எதுக்கும்மா ஞாபகப்படுத்தணும்?" என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கையெழுத்து இல்லன்னா ஹால் கெடைக்காது அங்கிள். என் கையில இல்ல" என்றார். "தெரியும்மா. அடுத்த வருஷமும் நாலுன்னு போட்டு நாலுக்குத்தான் தொடங்குவேன். அதுக்கும் இப்பவே ஒரு கடிதம் எழுதி வாங்கிக்குவீங்களா?" என்றேன். அவர் கோப்பிக் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். எட்டு வருடமாக என்னிடம் இருந்த மண்டபச் சாவியை மேசைமேல் வைத்தேன். வைத்ததை மறுபடி எடுத்து, மறுபடி வைத்தேன். வயதாகிறது என்று அவர் நினைத்திருப்பார், நினைத்துவிட்டுப் போகட்டும். உன்னைப் பற்றி ஒன்று மட்டும் சொன்னேன்: "எம்மகன் உங்க வேலைய ஒழுங்காத்தான் செஞ்சான். தப்பு சரி எல்லாம் எங்கிட்ட வெச்சிக்குங்க." நீ எனக்காகச் சண்டை போடாதே, வேலையை விடாதே, யாரிடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. அடுத்த சில மாதங்களில் தகப்பனாகப் போகிறவன் நீ. மாலை பிடிப்பது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. உன் பிள்ளை மேடையில் நிற்கிற அன்றைக்கு மட்டும் தட்டை வேறு யார் கையிலாவது கொடுத்துவிட்டுப் போய் உட்கார், அது போதும்.

பயிற்சி நிற்காது. பத்து பெரண்டாமில் ஒரு தாமானின் பொது மண்டபத்தைப் பேசி முடித்திருக்கிறேன். மண்டபம் என்று சொல்வது என் பெருந்தன்மை. தகரக் கூரை, நடுவில் பூப்பந்து மைதானத்தின் கோடுகள், மேடை கிடையாது, திரைச்சீலை கிடையாது, கழிவறைக் கதவைச் சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது. அங்குள்ள குழுத் தலைவர் ஒரு மலாய்க்காரப் பெரியவர். பாடுவதற்கா, தாராளமாகப் பாடுங்கள் என்றார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: ஆறரைக்குப் பூப்பந்து ஆட ஆட்கள் வந்துவிடுவார்கள், அதற்குள் கட்டாயம் முடித்துவிட வேண்டும். என் வாழ்க்கையில் இவ்வளவு அழகான நிபந்தனையை யாரும் எனக்குப் போட்டதில்லை. அவரைக் கட்டிப்பிடிக்கப் போனேன், மனிதர் இரண்டடி பின்னால் போய்விட்டார். தொழிற்சாலை வாசல் அங்கிருந்து நடந்து போகிற தூரம். உன் அம்மா இந்தத் தடவை கூட்டுப் பாடலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். "ஒம் பிள்ளைங்களுக்கு ஆளு பத்தாதுன்னியே" என்றாள். குரல் எப்படி என்று கேட்காதே, நானும் இதே வீட்டில் வாழ வேண்டியவன். அவள் உன்னைக் கேட்கச் சொன்னது ஒன்று உண்டு: அந்தச் சூரியன் பாட்டின் இரண்டாவது அடி உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கே மறந்துவிட்டது. இருந்தால் வந்து அவளுக்குப் பாடிக் காட்டு. மேடை வேண்டாம், அடுப்படி போதும்.

நேற்று மாலை பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய் எதிரொலி எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். ஷாமினி நடுக் கோட்டில் நின்று பாட ஆரம்பித்தாள். மேல் சுரத்தைப் பிடித்த நேரம், பக்கத்து விமான நிலையத்திலிருந்து ஒரு பயிற்சி விமானம் கூரையை உரசுவது போலத் தாழ்வாக வந்தது. தகரம் அதிர்ந்தது, சுவர்ப் பல்லி கீழே விழுந்தது, எனக்கு என் பேச்சே கேட்கவில்லை. நிறுத்து என்று நான் கை காட்டப் போனேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சுரத்தை விடாமல், கண்ணை மூடாமல், கூரையை அண்ணாந்து பார்த்தபடி பிடித்துக்கொண்டு நின்றாள். விமானம் போனது. சுரம் அங்கேயே இருந்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நீலச் சீருடைக்காரிகள் நான்கைந்து பேர் வேலிக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் மூச்சு வாங்கியபடி என்னிடம் வந்தாள். "மாஸ்டர், நாடகத்தன்னைக்கும் பிளேன் வந்துச்சின்னா?" என்று கேட்டாள்.

"வரட்டும். நாலு மணிக்கு மேல வந்தா நின்னு கேக்கச் சொல்லு" என்றேன்.

உன் அப்பா